வெறும் கட்டைவிரலுக்குக் காற்று கிடையாது

மெர்வின் டக்வெல் ஆகிய நான், வயது அறுபத்தொன்று, ஜீலாங் நோர்லேனில் குடியிருப்பவன், விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் பொருத்துநர், நரேல் ஸ்டிராங்கின் வேலைநீக்க வழக்கில், இந்த மாநிலத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதையைச் சத்தியம் செய்து கூறுவதாவது:

எங்கள் விசிறியைப் பாதி வேகத்தில் விட்டாலே என் வழுக்கைத் தலையில் வகிடு விழும். முழு வேகத்தில் போன என் மீசை டாஸ்மேனியாவில் ஒரு செம்மறியாட்டின் முகத்தில் ஒட்டியிருந்ததாகத் தகவல். மாதிரி விமானத்தின் மூக்கில் காற்றை அளக்கும் எஃகு ஊசி உண்டு. ஆள் மேல் குத்தாமலிருக்க அதற்கு ரப்பர் தொப்பி போட்டிருப்போம். கழற்றாமல் காற்று விட்டால் தொப்பி பறந்துபோய் விசிறியின் இறக்கையை உடைக்கும். ஆகவே கழற்றியவர் அதைத் தன் கட்டைவிரலில் மாட்டி, கண்ணாடி வழியே உயர்த்திக் காட்டினால்தான் காற்று. இது எங்கள் வழக்கம்.

அன்று நான் சுரங்கத்துக்குள் இறக்கையில் டேப் ஒட்டி முடித்து, வேலை நன்றாக வந்த பெருமையில் வெறும் விரலைக் காட்டிவிட்டேன். அதன் பிறகு ஒலிபெருக்கியில் கேட்டது பின்வருமாறு. விருந்தாளிகளைக் காக்க வைத்திருந்த தலைமைப் பொறியாளர் கிராண்ட்லி, "விரலத்தான் காட்டிட்டாரே, காத்த விடும்மா!" என்றார். விசிறியை இயக்கும் நரேல், "அது வெறும் விரலு கிராண்ட்லி, தொப்பி எங்க?" என்றார். "தொப்பியாவது குல்லாவாவது! நான் சொல்றேன், போடு!" "அப்ப நீங்க உள்ள போய் நில்லுங்க, போடறேன். யோவ் மெர்வ், வெளிய வாய்யா, கதவு தொறந்தே கிடக்கு!"

அதைக் கேட்டுச் சிரித்தபடி திரும்பியபோது, காலுறை வழுக்கி, நான் கழற்ற மறந்த தொப்பியோடு இருந்த ஊசியின் மேலேயே முகங்குப்புற விழுந்தேன். அதன் பிறகு இடது இமை பன் ரொட்டி போல வீங்கியது. மருத்துவர் பனிக்கட்டி ஒத்தடம் மட்டும் கொடுத்தார். நரேல் என்னைக் காரில் வீட்டில் விட்டு, வழியில் எனக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு மீட் பை வாங்கித் தந்தார். மறுநாள், உத்தரவை மீறியதாக அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அவர் கை அந்த விசையைத் தொட்டிருந்தால் இந்த வாக்குமூலத்தை அந்தச் செம்மறியாடுதான் கொடுத்திருக்கும். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும்.

மேலே காற்றைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் நீதிமன்றம் தாராளமாக அடித்துவிடலாம். நரேல் காற்றை விடவில்லை என்ற சின்னச் சங்கதி மட்டும் உண்மை. எழுத்தர் படித்துக் காட்ட வந்தார், வேண்டாம் என்றேன். இரண்டு கண்ணாலும் நானே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) மெ. டக்வெல்