எட்டாம் பிரிவின் பூட்டு

அந்தக் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். தலைவராக நான், சிவசம்பு; தொலைத்தொடர்பில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொறியாளனான என் மகன் நிர்மலன். குறிப்பெடுக்கக் கௌசலா. கிள்ளானில் கேபிள் குத்தகை எடுக்கும் பழனியப்பன். ஊரிலிருந்து வந்து அவரிடம் வேலை பெர்மிட்டில் இருக்கும் செல்வகுமார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறை. தேநீருக்குக் கொடுத்த கறிபாப் நன்றாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

கண்ணாடி இழை வலையமைப்புகளை நிர்வகிப்பதற்கான தர விதிகளை எழுதிக்கொண்டிருந்தோம். எட்டாம் பிரிவு, பழுது பார்ப்பது பற்றியது. அது நிர்மலன் பெயரில் அச்சாகப் போவதாக இருந்தது. என் தந்தை ரயில்வேயில் தலைமை எழுத்தர். அவர் கையெழுத்திட்ட தாளை யாரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை.

செல்வகுமார் கை தூக்கினான்.

"ஐயா, இதுல ஒண்ணு விட்டுப்போச்சு. லேசர் ஆஃப்னு கன்ட்ரோல் ரூம்ல சொன்னா போதும்னு இருக்கு. நாங்க இழை முனையில கண்ண வச்சுப் பாக்குறப்ப அங்க யாராச்சும் ஆன் பண்ணிட்டா? நான் எழுதினதுல பூட்டு இருந்துச்சு. குழியில இருக்கிறவன் விடுவிச்சாத்தான் ஆன் ஆகும்."

"நீர் எழுதினதோ?" என்றேன்.

"நிர்மலன் சார் கேட்டாரு, நோட்டுல எழுதிக் குடுத்தேன். அவரு பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு, அந்த நோட்டு என் ரூம்லதான் இருக்கு. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டாரேன்."

பழனியப்பன் சிரித்தார். "அங்கிள், இவன் குழிக்குள்ள இருந்தாலும் புரொபசர்தான் லா."

நிர்மலன் குவளையை எடுத்தான். தண்ணீர் குடித்தான். கௌசலாவின் பேனா நின்றது. அவள் எதை எழுதினாள், எதை விட்டாள் என்று எனக்கு இன்றும் சந்தேகம். வீடு திரும்பும்போது காரில் மகனிடம் கேட்டேன்.

"அவன்ட நோட்டுல இருந்து படம் மட்டும்தான் எடுத்தேன் அப்பா."

படம் மட்டும் என்று தொடங்குகிறவன் எங்கே போய் முடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

எட்டாம் பிரிவை நேரில் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை, கிள்ளானில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன் நான் உட்கார்ந்தேன். இழை கழன்றால் லேசர் தானாக அணையும் பாதுகாப்பைச் சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்தோம். செல்வகுமார் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு குழிக்குள் இருந்தான். போனில் அழைத்தான்.

"ஐயா, ஆஃப்பா?"

"ஆஃப்தான் தம்பி."

அவன் அதோடு நம்பிவிடவில்லை. ஒளி அளக்கும் கருவியை இழையின் முனையில் வைத்து அளந்தான். "ஜீரோ காட்டுது ஐயா," என்றான். அவன் அளந்தபோது அது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

"நுண்ணோக்கியை வைச்சு முனையைப் பாரும். தூசி இருக்கோ?"

"கொஞ்சம் இருக்குங்க ஐயா. இருங்க, நல்லாப் பாத்துச் சொல்றேன்."

அப்போது ஆன் செய்தேன். ஒரு பொத்தான்தான். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நுண்ணோக்கி வழியே கண்ணைச் சுட்டுவிடும். போனில் அவன் தன் தாயைக் கூப்பிட்டது கேட்டது. பதினைந்து வரை எண்ணிவிட்டு ஆஃப் செய்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்கு நானே சொன்னேன்.

அவனைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த மாதம் அவனுக்குப் பெர்மிட் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை. ஒரு கண் போனவனை இழை ஒட்டும் வேலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அவன் ஊருக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். அப்படியே போனான். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சீக்கிரம் போன் பண்ணீங்க ஐயா," என்று நன்றி சொன்னான். அவன் சாமான்களைக் கட்ட ஆள் அனுப்பினேன். நோட்டு என்னிடம் வந்தது.

பூட்டு விதி நல்ல விதி. அடுத்த கூட்டத்தில் அதைச் சேர்த்தோம், நிர்மலன் பெயரில். அதன் பிறகு கிள்ளானில் யாருக்கும் கண் போகவில்லை.

இப்போது நான் ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். அன்று திரைக்கு முன் இருந்தது நிர்மலன் என்றும், அவன் கவனக்குறைவாகப் பொத்தானை அழுத்திவிட்டான் என்றும் பிரிக்ஃபீல்ட்ஸில் பேசுகிறார்கள். அது தவறு. அவன் அந்த அறையிலேயே இல்லை. எங்கள் குடும்பத்தில் எவரும் கவனக்குறைவாக வேலை செய்ததில்லை.