ராக்கெட்டுக்கு எதுக்கு ஃபிடில்?

வள்ளியூர் போகும் பேருந்தில் எனக்குச் சன்னலோரம் கிடைக்கவில்லை. கிடைத்தவர் என் முன்னிருக்கையில் இருந்தார். பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் அவர், "என்னைய அழ வச்சிட்டானுவ வே" என்றதும் எரிச்சலை மறந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவர் மகளுடைய கல்லூரியில் விண்வெளிப் படம் ஒன்று போட்டார்களாம். யாரோ ஓர் இசையமைப்பாளர் பெரிய வாத்தியக் குழுவை வைத்து அதற்கு இசை சேர்த்திருந்தாராம்.

"ராக்கெட்டைப் பாத்து நான் ஏன் வே அழணும்? அந்த எஞ்சினை எங்க ஊரு மலையடிவாரத்துலதான ஓட்டிப் பாக்காங்க. ஓட்டுத அன்னைக்கு என் வீட்டுக்காரி அலமாரிப் பாத்திரத்தையெல்லாம் தரையில இறக்கி வச்சிருவா. அப்படி உறுமும். படத்துல அந்த உறுமலையே காணும், ஃபிடிலைப் போட்டு இழைக்கானுவ. எதையோ மறைக்காங்க."

"சும்மா கெடயும் வே. கேக்க நல்லாருக்கும்னு போட்டிருப்பான்."

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் எனக்குச் சந்தேகம். இசையை எடுத்துட்டா அதுல ஒண்ணுமே இருக்காது, பாரும்."

கூட்டாளி கைபேசியில் அதே படத்தைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு நீட்டினார். பின்னாலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன். ராக்கெட் புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. கடைசியில் பூமி ஒரு நீல உருண்டையாகச் சிறுத்துப்போனது.

சன்னலோரத்துக்காரர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தம் இன்னும் லேசாக் கேக்கு வே. நல்லாக் குறையும்."