நகராத வரிசை

மேடையில் வீற்றிருக்கும் கிடங்கு மேலாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடோடி வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

டோக்கன் அண்ணன் போய்விட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கிடங்கின் வாயிற்காவலர். லாரி ஓட்டத் தெரியுமா அவருக்கு? சைக்கிள் விடவே ததிங்கிணத்தோம் போடுவார்! ஆனால் லாரிக்காரனின் தூக்கத்தை அவரைப் போல் அறிந்தவர் யார்?

நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு. இது சட்டம். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே ஓய்வெடுப்பது? சாலையோரம் நிறுத்தினால் விரட்டுகிறார்கள். கிடங்கு வாசலிலோ வரிசை. கண்ணயர்ந்தால் பின்னாலிருப்பவன் ஹாரன் அடிப்பான், பத்தடி நகர்த்தியாக வேண்டும். சக்கரம் உருண்டதோ இல்லையோ, வண்டியிலுள்ள பதிவுக் கருவியில் ஓய்வு கலைந்துவிடும். மறுபடி முதல் நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும்!

ஒருநாள் மதியம் மூன்றாவது தடவையாக என் ஓய்வு கலைந்தது. அண்ணன் வந்து, வண்டியைப் பின்பக்க மைதானத்தில் போடச் சொன்னார். வரிசையிலிருந்து துரத்துகிறார் என்று நினைத்து எகிறிவிட்டேன்.

"இது என்ன உங்க வீட்டுச் சொத்தா? என் இடத்தைப் பிடுங்க நீங்க யாரு?"

அவர் ஓர் அட்டையை என் கையில் திணித்தார். பதினேழு என்று எழுதியிருந்தது.

"கத்தி முடிச்சிட்டியா? போய்த் தூங்கு. உன் நம்பர் வந்தா நானே வந்து கதவைத் தட்டுறேன்."

தட்டினார். முக்கால் மணி நேரம் முழுதாக முடிந்த பிறகே தட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து இந்த வாசலில் வண்டிகள் நகரவில்லை, எண்கள்தான் நகர்ந்தன. மைதானத்தில் இடம் போதவில்லை என்றதும் மேலாளரின் காரையே வெளியே நிறுத்தச் சொன்னவர் அவர்! இப்போது சிரிக்கிறீர்களே ஐயா, அன்று சிரித்தீர்களா?

அண்ணி, தூங்கி விழாமல் நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தது உங்கள் வீட்டுக்காரரால்தான். என் மகள் கல்யாணத்தில் நான் நின்றேன் என்றால் அவரால் நின்றேன். உங்களுக்குக் கோடி நன்றி.

ஆனால் அவர் மறைந்த பத்தே நாளில் மைதானத்துக்குப் பூட்டு! இன்று காலை முப்பது வண்டிகள் பத்தடி பத்தடியாக ஊர்ந்தன. வாசலில் நிற்க ஆளில்லை என்கிறீர்கள் ஐயா. சாவியைக் கொடுங்கள். விடுப்பு நாளில் ஆளுக்கு ஒருநாளாக நாங்களே நிற்கிறோம்.

அண்ணி கொடுத்த அட்டைக் கட்டு இதோ, என் சட்டைப்பையில். நாளை நான் நிற்கிறேன், அண்ணே. முக்கால் மணி நேரம் முழுதாக முடியாமல் ஒருவன் கதவையும் தட்ட மாட்டேன். இது சத்தியம்!