மண்ணெண்ணெயில் ஓடினால் தட்டும்

உங்கள் பொலிஸ் நிலைய வளவில் காரைக் கடற்பக்கமாக நிறுத்தியிருப்பதாக அறிந்தேன். முடிந்தால் வேப்பமரத்தடிக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். ஊர்காவற்றுறைக் காற்றில் உப்பு அதிகம், கொஞ்ச நாளிலேயே கறள் பிடித்துவிடும். பொலிசுக்காரர்கள் மட்காட்டில் சாய்ந்து நின்று கதைப்பதும் நல்லதல்ல. மேற்பூச்சு இன்னும் அடிக்கவில்லை.

மற்றபடி நீங்கள் கேட்பதையெல்லாம் சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். யார் என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லிப் பழகியவன்.

அந்தக் கார் எங்கள் அப்பா பஸ்ரியாம்பிள்ளை வாங்கிய ஒஸ்ரின் ஏ-40. சாகும்போது மூத்தவர் என்பதற்காக அண்ணன் லியோனின் பெயருக்கு எழுதிவிட்டுப் போனார். அண்ணன் ஒரு தோள்பையோடு பிரான்சுக்குப் போய்விட்டார். கார் என்னோடு இருந்தது. யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. எல்லாரையும் போல நானும் சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினேன். மண்ணெண்ணெயில் ஓடினால் எஞ்சின் தட்டும். உள்ளே இருந்து யாரோ கையால் தட்டுவது போலவே கேட்கும். என் மனைவி நிமலினியைப் பிள்ளைப்பேற்றுக்கு அந்தத் தட்டலோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அண்ணன் அந்தக் காலத்தில் இங்கே இல்லை. அவருக்கு அந்தச் சத்தம் தெரியாது.

பிறகு கார் படுத்துவிட்டது. ஓய்வுபெற்றதும் வீட்டோடு சேர்த்து ஒரு கராச் போட்டு, அதை எழுப்பத் தொடங்கினேன். என் கொள்கை ஒன்றுதான்: எதையும் மாற்றக்கூடாது. பழைய ஆணியைக் கழுவி அதே துளையில் பூட்டுவேன். கண்ணாடிகள் அத்தனையும் கம்பனியில் இருந்து வந்தவை. அப்பா வைத்த சின்ன அந்தோனியார் சிலை, அந்தச் சுருவம்கூட முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறது. "உம்மடை மனிசன் ரண்டாம் தாரம் கட்டிக் கராச்சுக்கை வைச்சிருக்கிறார்" என்று கோயிலடிப் பெண்கள் நிமலினியைக் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். நானும் அதைக் கோபமாக எடுத்ததில்லை.

அந்தக் காரில் நான் செய்த ஒரேயொரு மாற்றம் எஞ்சின் சுவிச். அதை எஞ்சினை மூடும் பொனற்றின் கீழே மறைத்து வைத்தேன். இனி உள்ளே இருந்து யாரும் காரைக் கிளப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கள்ளர் பயத்துக்காக என்று நிமலினிக்குச் சொன்னேன். அதை எப்போது செய்தேன் என்று நேற்றுக் கேட்டீர்கள். அண்ணன் வந்த பிறகுதான்.

அண்ணன் தன் மகள் நிலாந்தினியின் கலியாணத்துக்காக வந்திருந்தார். மகள் கோயிலில் இருந்து இந்தக் காரில்தான் ஊர்வலம் போக வேண்டுமாம். அதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அண்ணன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், படம் எடுத்தார். கடைசியில் கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"தம்பி, இந்தக் கூரையை வெட்டி எடுத்துப்போட்டுச் சிவப்பு அடிச்சால் ஷோக்காய் இருக்கும். அப்பதான் பிள்ளையின்ரை முகம் வீடியோவிலை வடிவாய் விழும்."

"அண்ணை, வெட்டினால் பேந்து ஒட்ட ஏலாது."

"இவ்வளவு நாளும் நீ பாத்தது காணும். என்ரை கார்தானே. திங்கட்கிழமை லொறி வரும், ரவுணிலை ஆளைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. கவலைதான். ஒரு மனிதர் தன் சொந்தத் தகப்பனின் காரைப் பேரீச்சம்பழ ரின் மாதிரி வெட்டித் திறக்கப் போகிறார், பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்கிறார். யாராக இருந்தாலும் தடுத்திருப்பார்கள். நான் சத்தம் போடாமல் தடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த வாரம் நான் நிறையக் கழற்றினேன். கதவுகளின் உட்கைபிடிகளை நிக்கல் பூசக் கொடுத்தேன். கண்ணாடி இறக்கும் கைபிடிகளையும் சேர்த்தே கொடுத்தேன். ஹோன் கறள் பிடித்திருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். சைலன்சரை இன்னும் பூட்டவில்லை. அடித்தகட்டிலும் ஓட்டை இருந்தது, புகை உள்ளே வரும். இவை எல்லாம் எந்தப் பழைய காரிலும் நடக்கிற வேலைகள்தான், உங்கள் மெக்கானிக்கையே கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். நிமலினி குசினியில் நண்டுக்கறிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். நான் அண்ணனைக் கராச்சுக்குக் கூப்பிட்டேன். "பின்சீற்றிலை ஒருக்கா இருந்து பாருங்கோ அண்ணை. நிலாந்தினி இருக்கப்போற இடம்" என்றேன். அவர் ஏறி இருந்தார். நான் திருத்தி வைத்த பழைய சீற்றைத் தடவிப் பார்த்து, "நல்லாய்த்தான் செய்திருக்கிறாய்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தரம்தான். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை. கதவைச் சாத்தினேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்கச் சொல்லிவிட்டு, பொனற்றைத் திறந்து காரைக் கிளப்பினேன். மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். புழுதி வந்து பூச்சில் ஒட்டும் என்பதால் கராச் கதவையும் வெளியால் பூட்டினேன்.

கராச் வாசலில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். சற்று நேரத்தில் நிமலினி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, கராச்சுக்கை என்ன தட்டிற சத்தம்?"

"மண்ணெண்ணெய் விட்டுப் பாக்கிறன். எஞ்சின் தட்டுது. முந்திக் கேட்டனீர்தானே."

அவள் காது கொடுத்துக் கேட்டாள். "ஓம், அப்பிடித்தான் கிடக்கு" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது, பழைய நாட்கள் ஞாபகம் வந்திருக்கும். பிறகு, "அண்ணை எங்கை?" என்று கேட்டாள்.

"ஜெற்றிப் பக்கம் போயிட்டார்."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் போய்விட்டாள்.

ஊற்றின எண்ணெய் முடிந்ததும் எஞ்சின் தானாக நின்றது. நிமலினி அகப்பையோடு மறுபடி வந்தாள். இதைத்தான் அவள் உங்களிடம் சொல்லிச் சொல்லி அழுகிறாள் என்று நினைக்கிறேன்.

"எஞ்சின் நிண்டிட்டுதே. பேந்தும் தட்டுது?"

"சூடு ஆறுமட்டும் தட்டும். நீர் போய்ப் பால் விடும், கறி அடிப்பிடிக்கப் போகுது."

அவள் போனாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் தடைக்காலத்தில் இருந்த எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும், எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கராச் பூட்டின் திறப்பு என் கையில்தான் இருந்தது. எழுந்து போய்த் திறக்க ஒரு நிமிடம் பிடித்திருக்காது. நான் எழும்பவில்லை. தட்டல் விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு மெதுவானது, பிறகு நின்றுவிட்டது. பின்னேரம் திறந்து பார்த்தபோது முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

என் அண்ணன் லியோனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் தட்டியது அவர் என்று எழுத வேண்டாம். தட்டியது எஞ்சின். நின்ற பிறகும் அப்படித் தட்டுகிறதென்றால் வால்வில் ஏதோ பிழை இருக்கிறது. கார் திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்க்க வேண்டும்.