படிகளைப் பயன்படுத்தவும்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் நான் முதலில் செய்வது மேசையைத் துடைப்பது. துப்புரவுப் பணியாளர் முன்னரே துடைத்திருப்பார். என்றாலும் என் கையால் ஒருமுறை துடைத்தால்தான் எனக்கு அது மேசை. அடுத்து, சன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர். பிறகு முத்திரைக்கு மை. கடைசியாகக் கீழ்த்தளத்துக்குப் போய் ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு வந்து அமர்வேன். அதற்குள் கவுண்டர் திறக்கும் நேரம் ஆகியிருக்கும். இன்று விசாரணைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்திருந்தும் இவற்றில் ஒன்றையும் நான் விடவில்லை. பழக்கம் என்பது அப்படித்தான். அதற்கு நல்ல நாள் கெட்ட நாள் தெரியாது.

முதலில் தண்ணீர் குடியுங்கள், ஐயா. உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. நான்கு மாடி என்பது சொல்லும்போது சிறியதாகத்தான் இருக்கிறது. அவசரம் வேண்டாம். கேள்வியே கேட்காமல் இருந்தாலும் நான் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன்.

நான் இந்த ஓய்வூதிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஏணியின் கடைசிப் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மேலே இருப்பவர்கள் எல்லாரும் எனக்கு வேலை சொல்லலாம். நான் வேலை சொல்வதற்குத் தொட்டிச் செடி ஒன்றுதான் இருக்கிறது. கவுண்டர் என் பொறுப்பு. ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் ஆண்டுக்கொருமுறை நேரில் வந்து, தாம் உயிரோடு இருப்பதை முகம் காட்டி உறுதி செய்ய வேண்டும். நான் முகத்தைப் பார்த்து முத்திரை குத்துவேன். வராதவருக்கு ஓய்வூதியம் தானாகவே நின்றுவிடும். எளிய விதி. நான் செய்த விதியல்ல.

நான் இளகிய மனம் படைத்தவன். இதை என் மனைவியே சொல்வாள். வருகிறவர்கள் முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை. முழங்காலைக் காட்டுவார்கள், மருந்துச் சீட்டைக் காட்டுவார்கள், பேசாமல் போன மகனைப் பற்றிச் சொல்லிக் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு அவர்களை நிறுத்தச் சொல்ல வாய் வராது. கேட்டுக்கொண்டே இருப்பேன். பின்னால் வரிசை வாசல் தாண்டி நீளும். முன்னால் கோப்புகள் என் தலைக்கு மேல் உயரும். கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வருவார்.

"தம்பி, இது ஆபீஸா, சந்தையா?"

"வயசானவங்க மேடம், கொஞ்சம் பேசத்தான் செய்வாங்க."

"அவங்க பேசட்டும். நீங்க ஏன் வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குறீங்க?"

அவர் திரும்பிப் போவதற்குள் நான் அடுத்தவருடைய மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியிருப்பேன்.

அப்படி இருக்கையில் ஒருமுறை லிஃப்ட் உண்மையாகவே பழுதடைந்தது. மெக்கானிக் வந்து, "லிஃப்ட் பழுது. படிகளைப் பயன்படுத்தவும்" என்று சிவப்பு எழுத்தில் எழுதிய பலகையைக் கீழ்த்தளக் கதவில் மாட்டினார். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. வந்த சிலரும் மூச்சுக்கே வழியில்லாமல் வந்ததால் ஒரு சொல் பேசவில்லை. முகத்தைக் காட்டினார்கள், முத்திரை வாங்கினார்கள், போய்விட்டார்கள். நிலுவைக் கோப்புகள் வெயிலில் வைத்த பனிக்கட்டி போலக் கரைந்தன. கண்காணிப்பாளர் அம்மா என் மேசை அருகே நின்று, "என்ன தம்பி, மேசை கண்ணாடி மாதிரி மின்னுது" என்றார். வேலையில் சேர்ந்த பிறகு அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதல் தடவை.

மெக்கானிக் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் அதை எடுத்து மீண்டும் மாட்டினேன்.

அவ்வளவுதான். நான் ஒரு கம்பியை வெட்டவில்லை, ஒரு திருகாணியைக் கழற்றவில்லை. லிஃப்ட் அன்றும் ஓடியது, அதன் பிறகு எல்லா நாளும் ஓடியது. கவுண்டர் திறக்கும் முன் பலகையை மாட்டுவேன். நண்பகலில் கவுண்டர் மூடியதும் கழற்றிவிடுவேன். மெக்கானிக் பராமரிப்புக்கு வருவது பிற்பகலில் என்பதால் அவர் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. அலுவலர்கள் பலகைக்கு முன்னரே மேலே வந்துவிடுவார்கள். கண்காணிப்பாளர் அம்மா ஒருநாள் தாமதமாக வந்து, கீழே பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் தொலைபேசியில் கேட்டார்.

"லிஃப்ட் ஓடுதா, ஓடலையா?"

"உங்களுக்கு ஓடும் மேடம்."

தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு லிஃப்டில் ஏறி வந்தார். அதைப் பற்றி அவரும் பிறகு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் நிலுவையே இல்லாத அலுவலகம் என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதோ, உங்கள் தலைக்கு மேலே இருக்கிறதே, அதுதான். வாரந்தோறும் நான்தான் துடைக்கிறேன்.

இதில் அநியாயம் எங்கே என்று நானும் நிதானமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருப்பதற்கு அரசு சான்று கேட்கிறது. நான்கு மாடி ஏறி வந்து நிற்கிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதில் யாருக்காவது ஐயம் வருமா? முகத்தைப் பார்த்து உறுதி செய்வதைவிட இது உறுதியான சோதனை. இதைத் துறைக்கே எழுதலாம் என்றுகூட நினைத்தேன். பெருமை தேடுகிறேன் என்று பேசுவார்களே என்றுதான் விட்டுவிட்டேன்.

ஏற முடியாதவர்களும் இருந்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை. தையல் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, ஊன்றுகோலோடு வருவார். அவருக்குப் பதிலாக அடுத்த வீட்டுக்காரர் ஏறி வந்தார்.

"சார், அவங்க கீழதான் உக்காந்திருக்காங்க. ஒரு எட்டு வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடுங்களேன்."

"கவுண்டர்ல முகம் காட்டணும்னுதான் விதிங்க."

"அவங்களால முடியலயே."

"கவுண்டரை நான் தலையில தூக்கிக்கிட்டுக் கீழ வர முடியுமா, சொல்லுங்க?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நகைச்சுவை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பிறகொரு முறை அவரே வந்து, அந்த அம்மா தையல் எந்திரத்தை விற்றுச் சாப்பிடுகிறார் என்றார். அதற்கு அடுத்த ஆண்டு அந்த அம்மாவும் வரவில்லை, அவரும் வரவில்லை. ஆகவே அந்தக் கோப்பை மூட முடிந்தது. அப்படி மூடிய கோப்புகள் நிறைய. அவர்களில் ஒருவர்கூடப் புகார் எழுதவில்லை. அவ்வளவு அமைதியானவர்கள்.

இனி, நீங்கள் எதற்காக வந்தீர்களோ அவரைப் பற்றிச் சொல்கிறேன். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை எஞ்சின் தாத்தா என்போம். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். கவுண்டருக்கு வந்ததும், "உயிரோடதான் இருக்கேன் தம்பி, வேணும்னா கிள்ளிப் பாத்துக்க" என்று கையை நீட்டுவார். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் போவார். சென்ற ஆண்டு படியேறி வந்து, என் மேசையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு ஒரு நண்டின் கதையைச் சொன்னார்.

"ஒரு குளம், தம்பி. அதுக்குப் போற வழியில ஒரு நண்டு காவல். நண்டுக்குத் தூக்கம்னா உயிரு. தண்ணி குடிக்க வர்றதுங்க சத்தம் போடுதுங்கன்னு, 'குளம் வத்திப் போச்சு, போங்க போங்க'ன்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்பிச்சு. மானு போச்சு, முயலு போச்சு, ஆமைகூடத் திரும்பிப் போச்சு. நண்டு நிம்மதியாத் தூங்குச்சு. ஒருநாள் அதுக்கே தாகம் எடுத்துச்சு. எந்திரிச்சு ரெண்டடி வச்சுது. அப்புறம், 'சே, குளந்தான் வத்திப் போச்சே'ன்னு திரும்பி வந்து படுத்துக்கிச்சு. அதோட சரி."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த நண்டு முட்டாள், ஐயா. தான் சொன்ன பொய்யைத் தானே நம்பியதுதான் அது செய்த பிழை. நான் ஒருநாளும் என் பலகையை நம்பியதில்லை. நான் நாள்தோறும் லிஃப்டில்தான் போய் வந்தேன்.

இந்த ஆண்டு அவர் கவுண்டர் மூடும் நேரத்தில் வந்தார். கணக்குப் பிரிவில் ஒரு கோப்பைக் கொடுப்பதற்காக மூன்றாம் மாடிக்குப் படியில் இறங்கினேன்; இறங்குவது உடம்புக்கு நல்லது. அங்கிருந்து பார்த்தால் சில படிகள் கீழே, திருப்பத்தில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. நான் அருகே போனேன். போகாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"என்ன தாத்தா, எஞ்சின் நின்னுடுச்சா?" என்றேன், அவருடைய பாணியிலேயே.

"தம்பி, நெஞ்ச அடைக்குது. லிஃப்ட எப்படியாவது ஓட்டி என்னக் கீழ கொண்டு போயிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"லிஃப்ட் பழுதுங்களே தாத்தா. கீழ பலகை மாட்டியிருக்கே, பாக்கலையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கவுண்டரில் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பது போல, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தார். கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறினால் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னேன். கவுண்டர் மூட இன்னும் சற்று நேரம் இருக்கிறது என்பதையும் நினைவூட்டினேன். பிறகு கோப்பைக் கொடுத்தேன். மேலே என் மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் லிஃப்டில் போனேன்.

லிஃப்ட் கதவு திறக்கும்போது ஒரு மணி அடிக்கும். மூன்றாம் மாடியில் அது படிக்கட்டு வரை நன்றாகக் கேட்கும். உள்ளே கால் வைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த ஓசை வந்த பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். அந்த மணியின் ஓசையைக் குறைக்கும்படி மெக்கானிக்கிடம் நான் பல தடவை சொல்லியிருந்தேன். செய்திருந்தால் அந்த மனிதருக்கு அந்தக் கடைசி வருத்தம் மிச்சமாகியிருக்கும்.

அவர் கவுண்டருக்கு வரவில்லை. வராதவர் என்று பதிந்துவிட்டு நேரத்துக்கு மூடினேன். பலகையைக் கழற்றக் கீழே போனபோது அவருடைய மனைவி நுழைவாயிலில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னும் எறங்கி வரலயேப்பா. கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாரா?"

"வந்துடுவாருங்கம்மா" என்றேன். பலகை என் கையில்தான் இருந்தது. எழுத்துள்ள பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தேன். படிக்கட்டைத் துடைக்க வந்த பணியாளர் போட்ட சத்தத்தில்தான் அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. உடனே கீழே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னாராம். மருத்துவர்களோடு நான் வாதாடுவதில்லை. நான் அவரைக் கொண்டு போயிருக்கலாம். கொண்டு போயிருந்தால் லிஃப்ட் ஓடுவது ஊருக்கே தெரிந்திருக்கும். மறுநாள் காலையில் வரிசை மீண்டும் வாசல் தாண்டி நின்றிருக்கும். ஆகவே கொண்டு போகவில்லை.

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அலுவலகத்தில் அத்தனை பேரும் லிஃப்ட் பழுது என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்காணிப்பாளர் அம்மாவும் அப்படித்தான். ஆனால் பழி மெக்கானிக் தலையில் விழுந்தது. பழுதைச் சரிசெய்யாமல் ஓர் உயிரைப் போக்கினார் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், வழக்கும் போட்டிருக்கிறார்கள். போன வாரம் அவர் என்னைத் தேடி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, நான் வந்தப்பல்லாம் ஏறி எறங்கிப் பாத்தேண்ணே. பஞ்சு மாதிரி ஓடுச்சு. எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல. பெரியவரு மூஞ்சி கண்ணுலயே நிக்குது. நான்தான் கொன்னுட்டேனாண்ணே?"

கேட்க எனக்குத் தாங்கவில்லை. தன் வேலையில் ஒரு குறையும் வைக்காதவர் தன்னையே நொந்துகொள்வது எத்தகைய கொடுமை. நான் முன்பே சொன்னேனே, இளகிய மனம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது முழுவதையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கையை உதறிக்கொண்டு, சுவரோடு சுவராகப் பின்வாங்கிப் போனார். கூச்ச சுபாவம் உள்ளவர். மன்னிப்பு வாங்கிப் பழக்கமில்லை போலும்.

ஆகவே இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்திடுகிறேன். மெக்கானிக் மீது ஒரு குற்றமும் இல்லை. அவரை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும், வழக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். இந்த விவகாரத்தில் நான் தீங்கு செய்தது அவர் ஒருவருக்குத்தான். அதை இன்று சரிசெய்துவிட்டேன். மனம் இப்போது துடைத்த மேசை போல இருக்கிறது.

ஒன்றே ஒன்று, ஐயா. அந்தப் பலகை அவருடையது. கீழே கதவில்தான் மாட்டியிருக்கிறேன், கழற்றி அவரிடம் கொடுத்துவிடுங்கள். போகும்போது படியில் இறங்கிச் சிரமப்பட வேண்டாம். லிஃப்டில் போங்கள், நன்றாக ஓடுகிறது.