சிங்கத்துக்குப் போட்ட ஊசி

— ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க மச்சான். யாராவது வந்துடப் போறாங்க.

— எதுக்கு மாப்ள? சாயங்கால பேட்ச் வர்ற நேரம். ஜிம்மை மூடிட்டேன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவானுங்க. இப்படி பெஞ்சுல உக்காரு. என்னடா சிங்கம், மூஞ்சி தொங்கிக் கெடக்கு?

— அது வந்து... நாளைக்கு உங்க தங்கச்சிக்கு ஆபரேஷன்.

— தெரியுமே. கொழந்தை ஏன் நிக்கலன்னு வயித்துல ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாப்பாங்களாம். என்ன பண்றது, நம்ம வீட்டுப் பொம்பளைங்க ராசி அப்படி. என் பொண்டாட்டியை நாலு வருஷம் வச்சுப் பாத்தேன். ஒண்ணும் நிக்கல, அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டேன். அம்மா வேற பொண்ணு பாக்குது. நீ தங்கமானவன், என் தங்கச்சியை அனுப்பாம வச்சிருக்க.

— அப்படிச் சொல்லாதீங்க மச்சான், உடம்பெல்லாம் கூசுது. அது வந்து... குறை அவகிட்ட இல்ல.

— பின்னே?

— என்கிட்ட.

— போடா! யார் சொன்னது?

— அவ ஆஸ்பத்திரியில எனக்கும் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. ஆளைப் பாத்தா தெரியலையான்னு குதிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம வேற டாக்டர்கிட்ட போனேன். டப்பாவைக் கையில குடுத்து ஒரு சின்ன ரூமுக்குள்ள அனுப்பினாங்க. வெளிய வரிசையா ஆளுங்க. குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான்... சீ, நாக்கு கூசுது.

— சரி, அதை விடு. ரிசல்ட் என்ன?

— விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்லையாம்.

— உனக்கா? கண்ணாடியில பாருடா. தோள் என்ன, நெஞ்சு என்ன, சிங்கம் மாதிரி ஆக்கி வச்சிருக்கேன்!

— அந்தச் சிங்கத்தாலதான் மச்சான். நீங்க போட்டு விடற ஊசி. ஆம்பளைச் சத்தை வெளிய இருந்து கொட்டினா, உடம்பு தானா செய்யறதை நிறுத்திடுமாம்.

— டாக்டருக்கு ஜிம்மைப் பத்தி என்ன தெரியும்? ஊசி போட்டா ஆம்பளத்தனம் ஏறும்டா, எறங்காது.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். கொழந்தை நிக்கலன்னு உங்ககிட்ட வந்து நின்னப்ப, டோஸை ஏத்துன்னு சொன்னது யாரு? கொழந்தைக்காகத்தான் மச்சான் ஏத்திக்கிட்டேன்!

— கத்தாத. ரோட்டுக்குக் கேக்கும்.

— நிறுத்திட்டு வைத்தியம் பண்ணா, பல பேருக்குத் திரும்பி வந்துடுமாம். எனக்கும் வரலாம்னாங்க. ஆனா இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருக்கு. நீங்க சொல்லுங்க மச்சான்.

— நானா? ஐயய்ய, உன் பொண்டாட்டி, நீ பேசு. இந்தா, போன் போட்டுட்டேன். ஸ்பீக்கர்ல இருக்கு.

— ஹலோ, என்னண்ணே? நாளைக்குப் போக பை எடுத்து வச்சிட்டிருக்கேன்.

— நான்தான் பேசறேன். பையைப் பிரிச்சுடு. ஆபரேஷன் வேணாம்.

— ஏங்க? டாக்டர் வரலையா?

— குறை என்கிட்ட. டெஸ்ட் பண்ணிட்டேன். உங்கிட்ட மறைச்சுட்டேன். அது வந்து... ஜிம்ல போட்ட ஊசியாலயாம்.

— எந்த ஊசி? அண்ணன் அலமாரியில துணிக்கு அடியில வச்சிருப்பானே, தானும் போட்டுக்கிட்டு, அதுவா?

— ம்... அதேதான்.

— அண்ணி வாழ வந்தப்பவும் போட்டுக்கிட்டுத்தானே இருந்தான்?

— ...ஆமா. திட்டணும்னா திட்டிடு.

— உங்களை வீட்டுக்கு வந்ததும் திட்டறேன். அழவும் அழறேன். அண்ணே, கேக்குதா?

— சொல்லும்மா.

— நாளைக்கு எனக்குப் பதிலா நீ போய் டெஸ்ட் பண்ணு. பண்ணிட்டு, நேரா அண்ணி வீட்டு வாசல்ல போய் நில்லு. அவங்களை மலடின்னு சொன்னதுல நானும் கூட்டுதான், நானும் வந்து உன் பக்கத்துல நிக்கறேன்.