ஒன்பது ஆலாக் கூடுகள் நசுங்கியது பற்றி

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. கடற்கரையில் எல்லோரும் என்னைக் கழுகுக்கண்ணி என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு. எட்டாம் வகுப்பு வரை படித்துள்ளேன். நகராட்சியின் கடற்கரைத் துப்புரவில் ஒன்பது வருடமாக ஒப்பந்தக் கூலியாக இருக்கிறேன். பணியாளர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் தம்பி, அவர் மனைவி ஆகியோருடன் வசிக்கிறேன். அந்தத் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்திதான், இந்த வழக்கில் கவனக்குறைவுக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் பறவைக் காவலர்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் அவளும் நானும் ஒன்றாகப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மணலில் ஆலாப் பறவையின் முட்டைகள் கிடப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். ஆலா சுள்ளி வைத்துக் கூடு கட்டாது. மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகுதான் பலருக்குத் தெரியும். குப்பை பொறுக்குகிற கண்ணுக்கு முன்பே தெரிந்துவிடும்.

அதன் பிறகு வனத்துறை அதிகாரி வந்தார். பறவைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றார். ஓரகத்தி தேறியவள். அவளுக்குத் தொப்பி, தொலைநோக்கி, குடையின் கீழ் ஒரு நாற்காலி கிடைத்தன. எனக்கு அதே துடைப்பம். பறவை பார்க்க வருகிறவர்கள் அவளை மேடம் என்றார்கள். என்னிடம் காலி பாட்டிலை நீட்டினார்கள். வெயில் ஏறினால் தாய்ப்பறவை கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் என்று அவர்களுக்கு விளக்குவாள். அதை அவளுக்குக் காட்டியது நான். ஒருநாள் அவர்கள் முன்னால், "அக்கா, கொஞ்சம் தள்ளிப் பெருக்குங்க, பறவை பயப்படுது" என்றாள். மணல் சலிக்கிற டிராக்டர்காரர், "கண்ணு உன்னுது, கண்ணாடி அவளுதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டில் சொன்னபோது கணவர், "அவ பதமா பேசறா, நீ வள்ளுன்னு விழற" என்றார்.

ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு மூங்கில் குச்சி நடுவது எங்கள் வழக்கம். காகம் குச்சியை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்பதால் கூட்டருகே நடாமல், கரைப்பக்கம் மூன்றடி தள்ளி நடுவோம். மணல் சலிக்கும் டிராக்டர் குச்சியைச் சுற்றிப் பத்தடி விட்டுப் போகும்.

சென்ற திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு அதிகாரி கூடுகளைச் சரிபார்க்க வருவதாக இருந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு ஓரகத்தி சாப்பிடப் போனாள். அதன் பிறகு நான் ஒன்பது குச்சிகளைப் பிடுங்கி, நாற்பதடி தள்ளி வெறும் மணலில் நட்டேன். அதிகாரி தேடி ஒரு முட்டையும் இல்லாமல் அவள் விழிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். டிராக்டர் தினமும் காலை ஆறு மணிக்கு வந்துபோய்விடும். அன்று பழுதாகி ஒரு மணிக்குத்தான் வரும் என்பது எனக்குத் தெரியாது. அப்போது நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஆலாக்கள் கூட்டமாக எழும்பிக் கத்துவது கேட்டு, கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். டிராக்டர்காரர் பதிலுக்குக் கை ஆட்டினார். குச்சிகளைச் சுற்றி முறைப்படி பத்தடி விட்டுத்தான் ஓட்டினார். ஒன்பது கூடும் போயின. ஒரு பறவை நனைந்த வயிற்றோடு வந்து சக்கரத் தடத்தில் உட்கார்ந்தது.

அதன் பிறகு ஓரகத்தி வந்தாள். இடம் மாறிய குச்சிகளையும், அவற்றைச் சுற்றி இருந்த என் செருப்புத் தடத்தையும் பார்த்தாள். என் இடது செருப்பில் குதிகால் பாதி இல்லை. அது அவளுக்குத் தெரியும். என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி அந்தத் தடத்தை எல்லாம் பெருக்கினாள். நான்கு மணிக்கு அதிகாரியிடம், குச்சிகளைத் தானே இடம் தவறி நட்டுவிட்டதாகச் சொன்னாள். மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு அவள் மேல் வழக்கும் பதிவானது.

நேற்றுச் சமையலறையில் அவளிடம், "எதுக்குடி பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"விடுங்கக்கா. உங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. வேலை போனா என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லிவிட்டு என் தட்டில் சோறு போட்டாள்.

நாற்காலியும் அவளுக்கு, பெரிய மனசும் அவளுக்கு என்றால் எனக்கு என்ன மிச்சம் என்று இரவு முழுக்க யோசித்தேன். அவள் மேல் இரக்கப்பட்டு இங்கே வரவில்லை. நான் செய்ததையும் அவள் எடுத்துக்கொண்டு நல்லவளாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. இந்தக் குற்றம் என்னுடையது. அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். "கோபத்தில் செய்தேன்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். கோபம் இல்லை, பொறாமை என்றேன். அதை அடித்துவிட்டார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, யார் மிரட்டியும் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)